அம்மா பிடுங்கிய சாட்டை

டிவி சீரியல் சாமியாரின் கையிலிருந்து சாட்டையைப் பிடுங்கியவள் என் அம்மா. பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், அப்படித்தான்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மார்க்கையன்கோட்டைக்குப் படம்பிடிக்க வந்தார்கள். கதைப்படி, விரும்பியவனைக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணைச் சாமியார் கோயில் வாசலில் வைத்துச் சாட்டையால் அடித்து, ஊரைவிட்டு விலக்க வேண்டும். ஊர் அதை வாய்பொத்திப் பார்க்க வேண்டும். அந்த ஊராக நிற்பதற்கு, களையெடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கூட்டத்தை அப்படியே வேனில் ஏற்றி வந்தார்கள். களையெடுப்பில் அம்மாதான் முதல் ஆள். அவள் அடியெடுத்து வைத்தால் வரிசை மொத்தமும் வைக்கும். இது வந்தவர்களுக்குத் தெரியாது.

"தலையைக் குனிஞ்சு நின்னா போதும்மா" என்றார் டைரக்டர்.

சாமியாராக நடித்தவர் தங்கமான மனுஷர். சற்று முன்புதான் எனக்கு பிஸ்கட் கொடுத்திருந்தார். அவர் கண்ணை உருட்டிச் சாட்டையை ஓங்க, நடிகை "யாராவது கேளுங்களேன்" என்று கதறினாள். அம்மா நடந்தாள். பின்னாலேயே வரிசையும் நடந்தது. சாட்டையோடு சாமியாரின் பாதித் தாடியும் அம்மாவின் கைக்கு வந்துவிட்டது.

"கட்! நடிப்பும்மா இது!"

"நடிப்புன்னாலும் ஒருத்திய அடிக்கையில நாங்க குனிஞ்சு நிக்க மாட்டோம். தடுக்கிற மாதிரி எடுங்க."

"அப்படி எடுத்தா கதை இன்னைக்கே முடிஞ்சிடுமே" என்றார் டைரக்டர் பாவமாக.

வேறு ஊர் ஆட்களை வைத்து எடுத்துக்கொண்டார்கள். அம்மா டிவியில் வருவாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று அவளைக் காணாமல் அழுகையே வந்துவிட்டது. அம்மாவும் குனிந்த தலைகளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, கட்டப்பனைப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பெரியம்மாவுக்கு போன் போட்டாள்.

"அக்கா, நம்மூர்ல ஒன்னய வெலக்கி வச்சப்ப நானும் இப்படித்தான குனிஞ்சு நின்னேன்" என்றாள்.

நான் போனைப் பிடுங்கி, "பெரியம்மா, எங்கம்மா சாட்டையப் புடுங்கிருச்சு! இந்தத் திருவிழாவுக்காச்சும் தாத்தா ஊருக்கு வாங்க" என்று கத்தினேன்.

"லீவு கெடைக்காது கண்ணு" என்றாள் பெரியம்மா, வழக்கம்போல.

ஏலக்காய் எஸ்டேட்டில் திருவிழாவுக்குக்கூட லீவு விடமாட்டார்கள் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.