பத்தொன்பது புள்ளி நான்கு

எரியோட்டுக்குக் கிழக்கே மூன்று ஏக்கரில் முருங்கை போட்டிருந்த நல்லுசாமிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. முகமும் கண்களும் எந்நேரமும் சிவந்திருக்கும். மதுவைத் தொடாதவர் என்றாலும் வெளியூர்க்காரர்கள் அவரைக் குடிகாரர் என்றே நினைத்தார்கள். குளித்து முடித்ததும் உடம்பெல்லாம் அரிக்கும். முதலில் சோப்பை மாற்றினார். பிறகு கிணற்றுத் தண்ணீரைக் குறை சொன்னார். தலைவலிக்குக் காரணம் வெயில் என்று முடிவு செய்திருந்தார்.

சமுதாயக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமுக்கு அவர் தனக்காகப் போகவில்லை. மனைவி பொன்னழகுக்குச் சில மாதங்களாக நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. அவளைக் கூட்டிக்கொண்டு போனார். ரத்தம் சோதிக்கும் ஆனந்த்ராஜ் அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஆறு. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும் என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

“நீங்களும் குடுங்கண்ணே, வந்தது வந்துட்டீங்க” என்று ஆனந்த்ராஜ் நல்லுசாமியையும் உட்காரவைத்தார். எண்ணைப் பார்த்துவிட்டு, “இன்னொரு வெரலக் குடுங்க” என்றார்.

“ஏப்பா, ரத்தம் பத்தலையா?”

“பத்தொம்போது புள்ளி நாலு காட்டுது. மெசினு கோளாறான்னு பாக்கணும்.”

இரண்டாம் முறை பத்தொன்பது புள்ளி இரண்டு காட்டியது. ஆண்களுக்குப் பதினேழுக்கு மேல் போனால் விசாரிக்க வேண்டும், பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பில் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நல்லுசாமி சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எண்ணை மட்டும் டீக்கடையில் சொன்னார். பரீட்சையில் வாங்கிய மார்க்கைப் போலச் சொன்னார்.

“ஒரே சட்டிச் சோறுதான ரெண்டு பேரும் திங்கிறீக?” என்று கேட்டார் பக்கத்துத் தோட்டத்துச் சடையாண்டி. “அந்தப் புள்ளைக்கு ஏழு, ஒனக்குப் பத்தொம்போதா? அம்புட்டையும் நீயே முழுங்கிர்றியா?”

எல்லாரும் சிரித்தார்கள். நல்லுசாமியும் சிரித்தார்.

ஐந்து வாரம் கழித்து, காய் பறித்துக்கொண்டிருந்தபோது அவருடைய இடது கண் இருட்டிப்போனது. வரப்பில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் பார்வை திரும்பிவிட்டது. மறைக்கத்தான் நினைத்தார். ஆனால் பொன்னழகு பார்த்துவிட்டாள்.

“அந்தச் சீட்ட எங்க வச்சீக?” என்றாள்.

திண்டுக்கல்லில் சூர்யகலா என்ற ரத்தநோய் மருத்துவர் அவரைச் சோதித்தார். மண்ணீரல் வீங்கியிருந்தது. மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் முடிவு வந்ததும் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

“ரத்தம் கூடுனா பலம்னு நெனச்சிருப்பீங்க. உங்க எலும்பு மஜ்ஜை கணக்கில்லாம அணுக்களை உண்டாக்கிக்கிட்டே இருக்கு. ரத்தம் கெட்டியாயிருச்சு. கண்ணுல ஒரு தடவை அடைச்சுப் பாத்துருச்சு, அடுத்தது மூளையில அடைக்கலாம். இது ஒரு வகைப் புற்றுநோய்தான். ஆனா மெதுவாப் போறது. கட்டுக்குள்ள வச்சுட்டா ரொம்ப வருசம் இருக்கலாம்.”

“அதுக்கு மருந்து?”

“தினம் ஒரு சின்ன மாத்திரை. அப்புறம் ரத்தத்தை எடுத்துக்கிட்டே வரணும். ஒரு தடவைக்கு முந்நூத்தம்பது மில்லி.”

நல்லுசாமி மனைவியைக் காட்டினார். “அப்ப அத இவளுக்கு ஏத்திருங்கம்மா.”

“நோய் உள்ள ரத்தத்தை யாருக்கும் ஏத்த மாட்டோம். அழிச்சிருவோம்.”

அதைக் கேட்டதும் அவர் முகம் வாடிப்போனது. புற்றுநோய் என்றபோதுகூட அப்படி முகம் மாறவில்லை. மருத்துவர் பொன்னழகு பக்கம் திரும்பி அவளுடைய அளவைக் கேட்டார். மாத்திரை விழுங்கியும் எட்டைத் தாண்டவில்லை என்றாள்.

“தீட்டு எத்தனை நாள் போகுது?”

அவள் கணவனை ஒருமுறை பார்த்தாள். “பன்னெண்டு நாளு. ரெண்டு வருசமா.”

நல்லுசாமிக்கு அது அன்றுதான் தெரியும். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கேட்டார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீக?”

நல்லுசாமி அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

ஸ்கேனில் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுக்கட்டி இல்லை. ஆனால் ரத்தமெல்லாம் அதனால்தான் போய்க்கொண்டிருந்தது. இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றி, அளவு கூடியதும் ஆபரேஷன் என்றார்கள்.

நல்லுசாமி வாரம் ஒருமுறை படுத்து, கருஞ்சிவப்பாகப் பை நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது முறைக்குப் பின் அரிப்பு குறைந்தது. தலைவலி போயே போய்விட்டது. பழைய வேகத்தில் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. மனைவியின் மாத்திரையில் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, இரும்புச்சத்தைத் தொடவே கூடாது என்று மருத்துவர் கண்டித்தார். டீக்கடையில் அவர் எண்ணைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

தை மாதம் பொன்னழகுக்குப் பதினொன்றைத் தொட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள், தேவைப்பட்டால் ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக, எந்த வகையானாலும் சரி, உறவினரோ தெரிந்தவரோ ஒரு யூனிட் கொடுத்தால் நல்லது என்றார்கள். மகன் திருப்பூரில் இருந்தான், மஞ்சள்காமாலை வந்து தேறியவன் என்பதால் அவனிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். நல்லுசாமி சடையாண்டியின் தோட்டத்துக்குப் போனார். வாய்க்காலைப் பார்த்தபடி கேட்டார்.

“இதுக்கு எதுக்குய்யா இம்புட்டு இழுக்குற?” என்றார் சடையாண்டி. “எப்ப வரணும், சொல்லு.”

மறுநாள் காலை சடையாண்டிக்குச் சோதித்தார்கள். பதின்மூன்று புள்ளி எட்டு. எடுக்கலாம் என்றார்கள். கொடுத்துவிட்டு, தந்த பிஸ்கட்டைத் தின்று, பதினொரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ஒன்பதாம் நாள் பொன்னழகுக்குத் தையல் பிரித்தார்கள். அதே வாரத்தில் நல்லுசாமிக்கும் ரத்தம் எடுக்கும் தேதி வந்தது. அவளை வீட்டில் படுக்கச் சொல்லிவிட்டு, சோறு வடித்து வைத்து, தனியாகப் பஸ் ஏறிப் போய்வந்தார்.