பத்து ரூபாயில் காசு ஏது?

எங்கள் மாமா கள்ளக்காசு கோஷ்டியைச் சேர்ந்தவர் என்று ஒரு காலத்தில் நான் உறுதியாக நம்பினேன். காசு அடிக்கிற மெஷின் பம்பாயில் இருக்கிறது, மாமா சேந்தமங்கலத்து ஏஜென்ட், பார்சலைத் தூக்கி வருகிற நான் அவருடைய கையாள். கோஷ்டியை அமைத்ததும் நான்தான், அதில் எனக்கு மூன்றாவது இடம் கொடுத்துக்கொண்டதும் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமா அம்மாவின் தம்பி. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் அவருக்கு மரவள்ளிக்கிழங்குக் காடு இருந்தது. வாரப்பத்திரிகை கையில் கிடைத்தால் கதைகளை விட்டுவிட்டு விளம்பரங்களை மட்டும் வரி விடாமல் படிப்பார். அப்படித்தான், அரசாங்கம் வெளியிட்ட அபூர்வ நாணயங்கள் தபாலில் கிடைக்கும் என்ற விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. முன்பணம் வேண்டாம், வி.பி.பி.யில் வரும், போஸ்ட்மேனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பார்சலை வாங்கிக்கொள்ளலாம். அந்த வருஷம் கிழங்குக்கு நல்ல விலை. மாமாவுக்கு அபூர்வத்தின்மேல் ஆசை வந்துவிட்டது.

பார்சல் வந்த அன்று நான் அவர் ஊரில் லீவுக்குப் போயிருந்தேன். தபால் ஆபீசிலிருந்து அதை மார்போடு அணைத்து எடுத்து வந்தது நான்தான். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரேயொரு காசு. வெள்ளி கலந்தது, என் உள்ளங்கையை மூடுகிற அளவு. ஒருபக்கம் சிங்கத் தலைகள், மறுபக்கம் கதிர். பத்து ரூபாய்க் காசு. மாமா கொடுத்த விலை நாற்பது ரூபாய்.

அப்பா இந்தக் கணக்கை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மாமா வந்தபோது நேராகவே கேட்டார்.

"மாப்ள, எங்கிட்ட ஒரு நாலணா இருக்குது. ஒரு ரூவாய்க்குத் தாரேன், வெச்சுக்கறீங்களா?"

"இது செலவுக்கில்லீங்க மச்சான். வெச்சிருந்தா வெல ஏறும்."

"எத்தன நாள் வெச்சிருந்தாலும் பத்து ரூவா பத்து ரூவாதானுங்க மாப்ள. குட்டியா போடப்போவுது?"

மாமா இதற்கு வேறொரு சபையில் பதில் சொல்லத் தீர்மானித்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் குலதெய்வம் கோயிலில் என் தங்கைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அதற்கு முன் தாய்மாமன் கொண்டுவந்த சீர்த்தட்டு சபையைச் சுற்றி வரும். கம்மல், பட்டுப்பாவாடை, தேங்காய், பழம் எல்லாவற்றுக்கும் மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி மாமா அந்தக் காசை வைத்திருந்தார். நாலு பத்து ரூபாய் நோட்டாக வைத்திருந்தால் ஒரு பேச்சும் வந்திருக்காது.

தட்டு பெரியப்பாவிடம் வந்து நின்றது. அவர் மளிகைக்கடை வைத்திருந்தவர். காசு விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"ஏனுங்க மாப்ள, இது ஓட்டப்பந்தயத்துல வாங்குன மெடலுங்களா?"

"பத்து ரூவாக் காசுங்க."

"பத்து ரூவாயில காசு ஏதுங்க? நானும் இத்தன வருசமாக் கல்லாவுல உக்காந்திருக்கறேன். ஒத்த ரூவாயோட காசு முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல எல்லாம் நோட்டுத்தான்."

"கெவர்மெண்டு போட்டதுங்க."

"கெவர்மெண்டு போட்டா எங்கடைக்கு வராதுங்களா?"

சபை சிரித்தது. பெரியப்பா காசைக் கோயில் படிக்கல்லில் போட்டுப் பார்த்தார். "சத்தத்தக் கேளுங்க. தகரமாட்டம் இருக்குது. கள்ளக்காசுங்க இது." பிறகு அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு, சபையின் கோடியைப் பார்த்துச் சொன்னார்: "ஏட்டய்யா வந்திருக்கறாருல்ல, பந்தி முடியட்டும். அவருகிட்டயே காட்டிப்போடலாம்."

ஏட்டையா என்பவர் அப்பாவின் தங்கையான அத்தையின் வீட்டுக்காரருக்குப் பங்காளி, வெளியூரில் போலீஸ் ஏட்டு. அன்றைக்கு வேட்டி சட்டையில்தான் வந்திருந்தார். ஆனாலும் என் கண்ணுக்கு அவர் இடுப்பில் விலங்கு தொங்கியது. முதலில் மாமாவைப் பிடிப்பார்கள், பார்சலைத் தூக்கியது யார் என்று கேட்பார்கள், மாமா பொய் சொல்லத் தெரியாதவர்.

தங்கையை மாமா மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் ஊர் கூடக் கத்தினாள். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் தட்டிலிருந்த காசை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோயில் கிணற்றில் போட்டுவிடுவது என் திட்டம். கிணற்றுக்குப் போகும் வழியில்தான் சமையல் நடந்துகொண்டிருந்தது. "டேய், அடுப்புக்கிட்ட என்னடா வேல உனக்கு?" என்று சமையல்காரர் போட்ட சத்தத்தில் என் கை தானாகத் திறந்தது. காசு கறிக்குழம்பு அண்டாவுக்குள் போயிற்று. நான் எலும்புக்கறி திருட வந்தேன் என்று நினைத்து அவர் என் முதுகில் ஒன்று வைத்தார். தடயம் ஒழிந்தது என்று வந்த நிம்மதி, அந்த அண்டாவிலிருந்துதான் ஊரே சாப்பிடப்போகிறது என்பது உறைக்கிற வரைக்கும் இருந்தது.

அதற்குள் சபையில் காசைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"உடுங்க மாப்ள," என்றார் பெரியப்பா, மிகவும் பெருந்தன்மையாக. "நீங்களே எடுத்து உள்ள வெச்சுக்கிட்டது நல்லதுதான்."

"நான் எடுக்கலீங்க."

"செரிங்க, செரிங்க."

யாரும் நம்பவில்லை. அப்பா முதல்தடவையாகச் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மடியிலிருந்த தங்கையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துத் தட்டில் வைத்தார். பந்தி போட்டபோது தலைவலி என்று மாமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பந்தியில் எனக்கு உப்பு வைக்கிற வேலை. ஒவ்வோர் இலைக்கும் குழம்பு விழும்போது என் உயிர் போய்ப் போய் வந்தது. கடைசியில் அது விழவேண்டிய இலையில்தான் விழுந்தது. ஏட்டையா அதை ஈரல் துண்டு என்று நினைத்து வாயில் வைத்தார். கடித்தார். வெளியே எடுத்துப் பார்த்தார், குழம்பை நக்கிவிட்டுத் திருப்பிப் பார்த்தார், சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு தலை நிமிர்ந்து, உப்புக் கிண்ணத்தோடு உறைந்து நின்ற என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"சாமி, இந்தப் பக்கம் இன்னொரு கரண்டி குழம்பு ஊத்தச் சொல்லு."

கை கழுவும் இடத்தில் பெரியப்பா அவரைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டய்யா, பத்து ரூவாயில காசு இருக்குதுங்களா?"

ஏட்டையா நிதானமாக வாய் கொப்பளித்துத் துப்பினார். "அப்படி ஒண்ண நான் பாத்ததே இல்லீங்களே."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு போலீஸ்காரர் எங்கள் குடும்பத்துக்காகப் பொய் சொல்கிறார்! அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் அவரைப் பார்த்தாலும் ஓடிப்போய் விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பேன். அவரும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வார். மாமா அதன்பிறகு வி.பி.பி. எதுவும் வரவழைக்கவில்லை. பெரியப்பா கலந்துகொள்கிற விசேஷம் என்றால், மாமா மொய்யை மட்டும் கொடுத்தனுப்பிவிடுவார். கோஷ்டியைக் கலைத்துவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மிச்சத்தை என் கல்யாணத்தின்போது அத்தை போகிறபோக்கில் சொன்னார். காசு அசல், சர்க்கார் அச்சடித்தது. ஏட்டையா அடுத்த வாரமே அதைச் சேலத்தில் ஒரு வெள்ளிக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு விற்றிருக்கிறார்.