தண்ணி வந்துச்சி, தண்ணி பூந்துச்சி

கௌதமியைத் தெரிந்த எல்லாருக்கும்,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பிள்ளை தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. அகாலத்தில் வந்த செய்தி என்று பார்த்ததும் பதறிவிடாதீர்கள். புதிதாகக் கெட்ட செய்தி எதுவும் இல்லை.

அந்தச் செய்தி வந்தபோது மகளுக்குத் தடுப்பூசி போட வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் கம்பெனியை நடத்தும் சுந்தர் சார் கூப்பிட்டார். "கௌதமி போயிட்டாம்மா" என்றார். காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தவள், சொல்பேச்சுக் கேட்காமல் ஆபீசுக்கு வந்து பாதியில் கிளம்பிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "முடியலன்னா அவ ஏன் சார் வந்தா?" என்று கேட்டேன். அவர் அழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் 'போயிட்டா' என்பதற்கு இன்னொரு அர்த்தம் இருப்பது எனக்கு உறைத்தது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால், கௌதமி அதையும் சோதித்துப் பார்க்க ஒரு டெஸ்ட் கேஸாக எழுதிவைத்திருப்பாள்.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. வடசென்னை எம்.கே.பி. நகர்க்காரி. திருவொற்றியூரில் டயர் கடை மாடியில் இருக்கும் எங்கள் ஆபீசில் நான் புரோகிராம் எழுதுகிறவள், அவள் அதைச் சோதிக்கிறவள். மழைக்கால எச்சரிக்கைக்காக ஓர் ஆப் செய்துகொண்டிருக்கிறோம். தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் தாங்கள் பேசுகிற மாதிரியே டைப் செய்து அனுப்பலாம். வெள்ளம் என்று ஆப் புரிந்துகொண்டால் அந்தத் தெருவில் எல்லாப் போனிலும் எச்சரிக்கைச் சங்கு ஊதும். முதல் சோதனைக்குச் சடையங்குப்பத்தை எடுத்தோம். என் வீடு அங்கேதான் இருக்கிறது.

சோதிப்பதற்கு எந்த டூலை எடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு முடியவே இல்லை. இரண்டு இருந்தன. ஒன்று, திரையில் நாம் அழுத்துவதைப் பதிந்துகொண்டு தானே திரும்பத் திரும்ப அழுத்தும். கடைசியில் எல்லாம் சரி என்று பச்சைப் பசேலென்று அறிக்கை கொடுக்கும். பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கும், சுந்தர் சாருக்கும் பிடித்திருந்தது. இன்னொன்று கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. என்ன சோதிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியமாக நாம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் தப்பு வந்தால் அதே இடத்தில் நின்று, அந்த நேரத்தில் புரோகிராம் கையில் என்ன வைத்திருந்தது என்று காட்டும்.

கௌதமி இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். பிறகு, யாருக்கும் சொல்லாமல், சங்கு ஊதுகிற வரியையே புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். முதல் டூல் அப்போதும் பச்சை காட்டியது. திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தால் அதற்குப் போதும். கறுப்புத் திரை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"உனக்கு நல்லா ஓடறதே புடிக்காதாம்மா?" என்றார் சுந்தர் சார்.

"நல்லா ஓடசொல்ல எல்லா டூலும் அழகாத்தான் சார் கீது. வுழுந்தா எங்க வுழுந்தேன்னு சொல்லுதா, அத பாருங்க."

நான் மகப்பேறு விடுப்பு முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். மதியம் ஆனால் வீட்டுக்குப் போன் போட்டு, பிள்ளை தூங்குகிறாளா, மூச்சு சீராக இருக்கிறதா என்று கேட்பேன். "மூக்குல வெரல் வெச்சி பாக்க சொல்றியா? தெனம் ரிக்ரஷன் டெஸ்ட்டு!" என்று கௌதமி எல்லார் முன்னாலும் கலாய்ப்பாள். நேற்று சரியாக இருந்தது இன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். எனக்கு முகம் வாடியதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாப்பா நேத்து நல்லா இருந்துச்சின்னு இன்னிக்கி வுட்டுடுவியா? மாட்ட இல்ல? கரெக்ட்டுதான்டி அது." பயந்தவள் என்றே என்னை எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தைச் சரி என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

சடையங்குப்பத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நல்ல வெயில். குடிதண்ணீர் லாரி வந்தது. யாரோ வழக்கம்போல 'தண்ணி வந்துச்சி' என்று பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதை ஆப்பில் அனுப்பிவிட்டார்கள். தெரு முழுக்கச் சங்கு. கௌதமியும் நானும் அங்கேதான் நின்றிருந்தோம். ஓர் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே எங்களிடம் வந்தார். "இன்னாம்மா, லாரி வந்தா சங்கு ஊதுறீங்கோ? கொடத்த வுட்டுட்டு படகு எடுத்துகினு வரணுமா?" கௌதமி சிரித்த சிரிப்பில் அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

ஆபீசுக்கு வந்து அந்த வாக்கியத்தைக் கறுப்புத் திரையில் கொடுத்தாள். அது நின்ற இடத்தில் புரோகிராம் கையில் இரண்டே சொல் இருந்தது: தண்ணி, வந்துச்சி. நான் புத்தகத் தமிழில் 'வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது' என்று கற்றுக்கொடுத்திருந்ததால், தண்ணீர் எப்படி வந்தாலும் வெள்ளம்தான். "நம்ம ஊர்ல தண்ணி வந்துச்சின்னா நல்ல சேதிடி" என்றாள். பிறகு, நிஜ வெள்ளத்துக்கு, 'வூட்டுக்குள்ள தண்ணி பூந்துகினு கீது' என்று கொடுத்தாள். சங்கு ஊதவில்லை.

அப்போது அவள் சிரிக்கவில்லை. "சும்மா ஊதுனா திட்டுவாங்கோ. வாங்கிக்கலாம். ஊதாம இருந்தா?" என்றவள், என் மேசையில் இருந்த மகளின் படத்தைப் பார்த்தாள்.

அவள் போன பிறகு சுந்தர் சாரே சொன்னார், கௌதமி சொன்ன டூலையே வைத்துக்கொள்ளலாம் என்று. ஆனால் வாக்கியங்கள் இல்லாமல் அந்த டூல் வெறும் கறுப்புத் திரைதான். வெள்ளம் வந்தால் எப்படிச் சொல்வார்கள் என்று தெருத் தெருவாகப் போய்க் கேட்டு வருவதாக இருந்தாள். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. இந்த வாரக் கடைசிக்குள் சோதனை முடியாவிட்டால், மழைக்கு ஆப் சங்கு ஊதுமா என்று தெரியாமலே மக்கள் கையில் கொடுக்க வேண்டியிருக்கும். என் வீட்டிலும் அதே ஆப்தான்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். பச்சை வந்தால் மகிழ்ந்துவிடாமல், நானே ஒரு தப்பை உள்ளே வைத்து, அது பிடிபடுகிறதா என்று பார்க்கிற பழக்கம். சாயங்காலம் புரோகிராமைத் திருத்திவிட்டு அப்படித்தான் பார்த்தேன். 'பூந்துச்சி'க்கு இப்போது ஊதுகிறது. வேறு எதற்கெல்லாம் ஊதாது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுக்குள் வெள்ளம் நுழைந்தால், பக்கத்து வீட்டுக்காரரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்? திருத்தாமல், வாயில் வருவதை அப்படியே எழுதி அனுப்புங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.