அக்காவுக்குப் போன ஒரு ரூபாய்

பூட்டு ரிப்பேர்காரர் வெளியூரில் இருக்கும் அக்காவின் ஆபரேஷனுக்கு ஒரே ஒரு ரூபாய் அனுப்பினார் என்று தெரு முழுக்கப் பேச்சு. விசாரித்துவிடலாமென்று, நன்றாக இருந்த பூட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன்.

பேச்சு உண்மைதான். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். போனில் யாருக்குப் பணம் அனுப்பினாலும் முதலில் ஒரு ரூபாய், "வந்துச்சா?" என்று கேட்ட பிறகே மீதி. அன்று சாமான் வாங்கிய ஒன்பது கடைகளுக்கு இரண்டிரண்டு தடவை அனுப்பினார். கண்ணெதிரே இருக்கும் டீக்கடைக்கு மட்டும் ஒரே தடவை. அக்காவுக்குப் போன ஒரு ரூபாய் இருபதாவது. ஒரு நாளைக்கு இருபது தடவைதான் என்று வங்கி கதவைச் சாத்திவிட்டது.

"டீக்கடைக்காரர் போன்ல முயற்சி பண்ணோம் சார். புது நம்பருக்கு முதல் நாள் ஐயாயிரந்தான் போகுமாம். பேங்க்ல 'நாளைக்கு வாங்க'ன்னாங்க. ஆஸ்பத்திரியில அம்பதாயிரம் கட்ட அஞ்சு மணிதான் கெடு."

ஆபரேஷன் தள்ளிப்போனது. "உன் பிச்சைக்காசைத் திருப்பி அனுப்புறேன்டா" என்றதோடு அக்கா பேச்சை நிறுத்திவிட்டார்.

"எந்தப் பூட்டையும் திறந்துடுவேன் சார். அக்கா போட்ட பூட்டுல சாவி போட ஓட்டையே இல்லையே!"

போன் சிணுங்கியது. பதறி எடுத்தார். ஏதோ விளம்பரம்.

"அந்த ஒரு ரூபா இன்னும் திரும்பி வரல," என்றார், கொஞ்சம் நிம்மதியாக.