பூஞ்சணமும் மயில்பச்சைச் சீலையும்

பலெர்மோ நகரின் பிரான்காச்சோப் பகுதி அரசாங்க மாடிவீடுகளில் ஞானாம்பிகைக்குப் பிடித்தவர்கள் என்று எவருமில்லை. அவளைப் பிடித்தவர்களும் இல்லை. புருசன் கோபாலசிங்கம் இருந்தவரை, அவளுடைய வாய்க்காக வீடு வீடாய்ப் படியேறி மன்னிப்புக் கேட்க ஒரு மனுசன் இருந்தார். அவர் செத்தபிறகு அந்த வேலையை யாரும் எடுக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலை மிதியாதவள். பலெர்மோவுக்கு வந்த நாள் தொட்டு வெள்ளைக்கார வீட்டம்மாக்களான சிஞ்ஞோறாமாரின் படிக்கட்டைத் துடைத்து, துணி பிழிந்து, சட்டை அயன் பண்ணியே காலம் போனது. இப்போது விரல் மொளிகள் வீங்கிவிட்டன. காலையில் கை விரிந்தால் மூடாது, மூடினால் விரியாது. நோவுக்குப் போட்ட குளிசை வயிற்றை எரித்தது. ஒரேத்தோத் தெருவில் ஒரு வீட்டு அயன் வேலைதான் மிச்சம். கை மடங்காவிட்டால் அதுவும் இல்லை.

பக்கத்துப் பல்கனிக்காரன் பிப்போ, பஸ் ஓட்டி ஓய்ந்த கிழவன். அவன்தான் போன வருடம் கஞ்சாப் பூவை ஒலிவ் எண்ணெயில் காய்ச்சிக் கொடுத்தான். பூசினாள், கை இளகியது. அவனுக்கு நன்றி சொல்ல வேண்டி வந்ததுதான் கசந்தது. அதனால் இந்த வருடம் இரண்டு கன்று வாங்கித் தானே வளர்த்தாள்.

பொலிஸுக்கு அவள் அவ்வளவு பயப்படவில்லை. எதிர்மாடியில் துஷாந்தி இருந்தாள். அவள் கண்ணில் பட்டால், வெள்ளிக்கிழமை கோயிலில் சுண்டல் கொடுக்க முதலே பலெர்மோத் தமிழ்ச்சனம் முழுக்கத் தெரிந்துவிடும். ஆகவே பல்கனிக் கம்பி நெடுக ஒரு நைலெக்ஸ் சீலையை இறுக்கிக் கட்டினாள். மயில்பச்சை நிறம்.

செப்டெம்பர் கடைசியில் மழை. அதன்பின்னால் புழுங்கல் காற்று. ஒரு காலை, கொழுத்த பூ ஒன்றின் நடுவில் ஒரே ஓர் இலை பழுத்திருந்தது. தொட்டாள், கையோடு வந்தது. பூவைப் பிரித்தால் உள்ளே எலிமயிர் போலச் சாம்பல் பூஞ்சணம்.

“சீலைக்குள்ளாலையும் கண்ணூறு போட்டிட்டாள் மூதேவி” என்றாள் எதிர்மாடிப் பக்கம் திரும்பி.

பிப்போ வாயில் சிகரெட்டோடு தடுப்புச் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அவனுடைய சிசிலியன் பேச்சு அவளுக்கு நன்றாய் விளங்கும். திட்டு என்றால் இன்னும் நன்றாய்.

“செடியைச் சீலையாலை சுத்தி அவிச்சு வைச்சிருக்கிறாய்! காத்துப் போக வழி எங்கை?”

“நீ உன்ரை புகையைப் பார்.”

“தண்ணி எங்கை ஊத்துறனி?”

“தலையிலை. துளசிக்கு அப்பிடித்தான்.”

பிப்போ நெற்றியில் அடித்துக்கொண்டான். “பூத்த செடிக்கு அடியிலை ஊத்து, அதுவும் காலமை. அழுகினதுக்குக் கீழை, நல்ல பச்சைத் தண்டு வரைக்கும் வெட்டு. உதறாதை, தூள் மற்றதுக்கும் பறக்கும். பையிலை கட்டி எறி. ஒவ்வொருக்காலும் கத்தியை ஸ்பிரிட்டாலை துடை.”

“பூவிலை பாதி நல்லாத்தானே கிடக்கு?”

“பூஞ்சணத்தையும் சேத்துக் காய்ச்சப் போறியோ? எறி! சீலையையும் கழட்டு.”

ஒரு செடியின் தண்டே உள்ளுக்குள் கறுத்திருந்தது. அதை வேரோடு பையில் கட்டினாள். மற்றதில் ஒரு பூதான் வெட்ட வேண்டி வந்தது. ஆனால் சீலையை அவள் கழற்றவில்லை. மேசைக் காத்தாடியைக் கொண்டுவந்து வைத்தாள். அது சீலைக்குள் நின்ற அதே புழுங்கலைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் இன்னொரு பூ சாம்பல். இந்தச் செடியும் போனால் இந்த வருடம் எண்ணெய் இல்லை.

சீலையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்து இறுகியிருந்தது. விரல் மடங்கவில்லை. கத்தியை எடுத்தாள்.

எதிரே துஷாந்தி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “அன்ரி! அது நான் தந்த சீலை எல்லோ? ஏன் வெட்டுறியள்?”

“முடிச்சு அவிழேல்லை.”

“எவ்வளவு ஆசையா எடுத்துத் தந்தனான்!”

“மனுசன் செத்த வருசமே மயில்பச்சை நைலெக்ஸ் தந்தனி. நானும் ஆசையாத்தான் வெட்டுறன்.”

சீலை விழுந்தது. துஷாந்தியின் கை கொடியிலேயே நின்றது. “அன்ரி… உது கஞ்சா எல்லோ?”

ஏதோ கீரை என்று சொல்லலாம். துஷாந்தி நம்பமாட்டாள். பிப்போவும் இழுத்த புகையை வெளியே விடாமல் காத்திருந்தான்.

“ஓம், கஞ்சா. கைக்கு. உனக்கு ஒளிச்சு மூடினதிலை ஒண்டு அழுகிப் போச்சு. போய்ச் சொல்லு. சொல்லேக்கை அதையும் சேத்துச் சொல்லு.”

“கோயில்லை என்ன சொல்லுவினம்?”

“இனிக் கோயில் சமையலுக்கு வரவேண்டாம் எண்டுவினம். தேங்காய் திருவ வேறை ஆளைப் பிடிக்கட்டும்.”

கடல் பக்கமிருந்து காற்று வந்து செடியை ஆட்டியது. ஞானாம்பிகை சீலையைக் கத்தியால் கீறிக் கிழித்து, ஒரு முனையைப் பல்லால் பிடித்து, நெருங்கி நின்ற கிளைகளை ஒன்றோடொன்று முட்டாமல் விலக்கிக் கம்பியோடு கட்டினாள். கட்டி முடித்து நிமிர்ந்தபோதும் துஷாந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“சீலைக்கு அழுகிறியோ, செடிக்கு அழுகிறியோ? ஒண்டைச் சொல்லிப்போட்டு உள்ளை போ. காத்தை மறைக்காதை.”