ஓர் அங்குலம் விடாமல் தைத்த ரவிக்கை

ஊருக்கெல்லாம் கல்யாணப் பட்டு எங்கள் வீட்டுத் தறியிலிருந்து போகிறது. ஆனால் ரவிக்கைக்கு மட்டும் சேவூர் ரோட்டு டெய்லர் அம்மாவின் வாசலில் நான் தவம் கிடக்க வேண்டும். தம்பி கல்யாணத்துக்குத் தைக்கச் சொல்லிப் போனால், "முகூர்த்தம் முடிஞ்சி வந்து வாங்கிக்கங்களேன்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "இனிமே உன் வாசப்படிய மிதிச்சா என் பேர மாத்தி வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சீரில் வந்த தையல் மெஷின் பத்து வருஷமாகத் துணி மடித்து வைக்கும் மேஜையாக இருந்தது. அதைத் துடைத்து எண்ணெய் விட்டேன். போன் வீடியோவில் ஒரு பெண், "சுத்தி ஒரு அங்குலம் தையலுக்கு விட்டு வெட்டுங்க" என்றாள். ஒரு அங்குலமா! அவள் வீட்டில் தறி இல்லை போலிருக்கிறது. அறுந்த ஜரிகையைக்கூட நாங்கள் கீழே போடுவதில்லை. பழைய ரவிக்கையை வைத்து வரைந்து, கோட்டின் மேலேயே வெட்டினேன்.

"பொழைக்கத் தெரிஞ்சவதான்" என்றார் தறியிலிருந்து என் வீட்டுக்காரர். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தைத்து முடித்தபின் மூச்சை அடக்கினால்தான் கொக்கி மாட்டியது. கை தோளுக்கு மேல் ஏறவே இல்லை. போகட்டும், கல்யாணத்தில் கையைத் தூக்கி எனக்கென்ன வேலை என்று இருந்துவிட்டேன். புத்தி கெட்டவள்! மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா நான்தானே?

மேடையில் தம்பி தாலி கட்டி முதல் முடிச்சைப் போட்டான். மீதி இரண்டும் நாத்தனார் முடிச்சு. மணப்பெண்ணின் பின்கழுத்துக்கு நீட்டிய என் கை பாதியில் நின்றது.

"ஜல்தி போடு. முடியலன்னா நவுரு, நான் போடறேன்" என்றாள் பின்னாலிருந்த சித்தி.

என் தம்பிக்கு இன்னொருத்தி முடிச்சா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிழிந்தால் கிழியட்டும் என்று இரண்டு கையையும் தூக்கினேன். முதல் முடிச்சுக்கு வலது அக்குள் டர்ரென்றது, இரண்டாவதுக்கு இடது. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை, மணப்பெண்ணைத் தவிர.

அவள் குனிந்த தலை நிமிராமல், "அண்ணி, கைய எறக்கி என்னை அப்டியே கட்டிப் புடிச்சிக்கங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். போட்டோக்காரர் ஓடிவந்து எடுத்தார். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள், "நாத்தனார்னா இப்டி பாசமா இருக்கணும்" என்கிறார்கள். எங்கள் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடிவதில்லை.