லூசிங் வண்டியில் தங்கிய மாதா

லூசிங்குக்கு வீடு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வீடு இருக்கிறது, பூட்டும் சாவியும் இருக்கிறது. என்ன, மணிலாவிலிருந்து பஸ் மாறி, ஜீப்னி மாறி அரை நாள் போக வேண்டும். ஓடைக்கரைக் குடிசைகளை இடித்தபோது சர்க்காரில் அவளை அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். அவள் துணி துவைக்கிற வீடுகளெல்லாம் எங்கள் சந்தில். பஸ்ஸுக்குக் கொடுத்தால் அரிசிக்கு இல்லை. ஒரு தள்ளுவண்டிக்குக் கூரை போட்டு, என் பெட்டிக்கடைச் சுவரோரம் குடிவந்துவிட்டாள். வண்டிக்கு ஜன்னல், ஜன்னலுக்குத் திரை. என் வீட்டுத் திரையைவிட அது சுத்தம்.

"வீடு அங்க இருக்கு, சோறு இங்க இருக்கு. நான் என்ன ரெண்டா பொளந்துக்கவா?" என்பாள்.

அவளுக்கு ஒரே பயம், நடைபாதையைக் காலிசெய்யும் லாரி. அது தூக்கிப்போன வண்டி திரும்பியதில்லை.

அக்டோபர் ஜெபமாலை மாதம்; எங்கள் கோயில் மாதா சொரூபம் சந்தில் வீட்டுக்கு ஒரு இரவு தங்கும். என் முறை முடிந்த அன்று, மறுநாள் லாரி வருகிறது என்று சேதி வந்தது. மாலையில் லூசிங், அடுத்த வீடு தன்னுடையது என்பதுபோல, வண்டி முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, தலைசீவி நின்றாள்.

சொரூபத்தோடு வந்த ஜெபமாலைக் கூட்டத்தின் தலைவி பெலிங் அக்கா நின்றுவிட்டாள். பெரிய இரும்புக் கேட்டும், கார் இல்லாத கார் கொட்டகையும் உள்ளவள்.

"இது வண்டி, வீடில்ல. மாதா தெருவுல படுக்கறதா?"

"பிள்ளைய மாட்டுக்கொட்டகையில பெத்தவங்கக்கா. இங்க மாடுகூடக் கிடையாது."

நான் சிரித்துவிட்டேன். பெலிங் முறைத்தாள். அதற்குள் மற்றவர்கள் முழங்கால் போட்டுவிட்டார்கள்.

காலையில் லாரி வந்தது. அதில் வந்த மேஸ்திரி லூசிங் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

"இவங்க எப்பம்மா கிளம்புவாங்க?"

"சாயங்காலம், அடுத்த வீட்டுக்கு."

"அப்ப நாளைக்கு வரேன்."

அடுத்த வீட்டுத் தையல்காரர் டொலோய் அன்று மாலை, "எங்க வீட்டுல வெள்ளையடிக்கிறேன். மாதா இங்கயே இருக்கட்டும்" என்றார். அவர் வெள்ளையடித்ததை இன்றுவரை நான் பார்க்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் எறும்பாம். அதற்கடுத்ததில் மாமியாராம். லாரி வரும், மேஸ்திரி சிலுவை போட்டுக்கொள்வார், போய்விடுவார். எங்கள் சந்து இவ்வளவு அழகாகப் பொய் சொல்லும் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

மாதக் கடைசி முறை பெலிங்குடையது. அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை, முறையை விட்டுக்கொடுக்கிற ஆளும் இல்லை. லூசிங் திரைகளை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாள். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. சொரூபத்தை எடுக்கக் குனிந்தேன்.

"தொடாத," என்றாள் பெலிங். "பழகின இடத்தவிட்டு இறக்கினா மாதாவுக்குத் தூக்கம் வருமா? வண்டியோட தள்ளிட்டு வாங்க."

இரும்புக் கேட்டை இரண்டு பக்கமும் திறந்துவிட்டாள். லூசிங் தள்ள, நாங்கள் பாடிக்கொண்டே பின்னால் போனோம். அளவெடுத்துக் கட்டியதுபோல வண்டி கொட்டகைக்குள் நின்றது.

மறுநாள் மாதா கோயிலுக்குத் திரும்பினாள். வண்டி அங்கேயே நின்றது. லாரி வந்ததும் மேஸ்திரி கேட்டுக்கு வெளியே நின்று, "மாதா இருக்காங்களா?" என்றார்.

"மாதா கோயிலுக்குப் போயாச்சு," என்றாள் பெலிங், வண்டியைக் காட்டி. "வீட்டுக்காரம்மா உள்ளதான் இருக்காங்க. கூப்பிடட்டா?"